வீட்டு சர்வருக்கு எந்த ஆர்ம் போர்டு?

கேள்வி: பத்து வருடப் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு வீட்டில் சர்வராக ஓட்டுகிறேன். குடும்பப் புகைப்படங்கள் சுமார் 700 ஜிபி அதில்தான் இருக்கின்றன. வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் விளம்பரங்களைத் தடுப்பதும் அதுதான். அதில் சேமித்த வீடியோக்களை டிவியில் பார்க்கிறோம். பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 70 வாட் இழுக்கிறது. இதற்குப் பதில் மலிவான ஆர்ம் போர்டு (மொபைல் போன்களில் இருக்கும் வகைச் சிப் கொண்ட கையளவுக் கணினி) வாங்க நினைக்கிறேன். ராஸ்பெரி பை என்ற பிரபலமான போர்டின் பாதி விலையில் எட்டு கோர் போர்டு ஒன்று கிடைக்கிறது. அதை வாங்கலாமா? அல்லது மிகச் சிறிய போர்டுகள் மூன்றை வாங்கி வேலையைப் பிரித்துக் கொடுக்கலாமா? வெளியூரில் இருக்கும் மகளும் படங்களைப் பார்க்க வேண்டும்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மீட்டர் வைத்து அளந்துவிட்டு எழுதியதற்கு முதலில் நன்றி. அந்த ஒரு எண் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 70 வாட் என்பது வருடம் முழுக்க ஓடினால் சுமார் 613 யூனிட். ஒரு ராஸ்பெரி பை 4 அல்லது 5, அதோடு ஒரு எஸ்எஸ்டி, இரண்டும் சேர்ந்து சராசரியாக 7 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 61 யூனிட். மீதமாகும் 550 யூனிட்டை உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். புதிய போர்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு அந்தத் தொகையே நல்ல அளவுகோல்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். 70-லிருந்து 7-க்கு இறங்குவது பெரிய லாபம். 7-லிருந்து 4-க்கு இறங்குவதில் வருடத்துக்கு 26 யூனிட்தான் மிச்சம். அந்த 26 யூனிட்டுக்காகத் தொல்லை தரும் போர்டை வாங்கிவிடாதீர்கள்.

இப்போது எட்டு கோர் விஷயத்துக்கு வருகிறேன். கோர் என்றால் சிப்புக்குள் கணக்கு வேலையைச் செய்யும் தனி அலகு. எந்த சிப் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் கோர் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அம்லாஜிக் எஸ்912 என்ற பழைய டிவி பாக்ஸ் சிப்பில் எட்டு கோர். எட்டும் கார்டெக்ஸ் ஏ53 என்ற வகை. ராக்சிப் ஆர்கே3588-லும் எட்டு கோர். ஆனால் அதில் நான்கு வேகமான ஏ76, மீதி நான்கு சிக்கனமான ஏ55. இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஏ53 என்பது 2012-ல் அறிவிக்கப்பட்ட வடிவமைப்பு. கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும். ஏ76 அப்படியில்லை, எது தயாராக இருக்கிறதோ அதை முன்னால் எடுத்துச் செய்துவிடும். வீட்டு சர்வரில் ஒரு பக்கத்தைத் திறப்பது, ஒரு படத்துக்குச் சிறிய முன்தோற்றம் உண்டாக்குவது போன்ற வேலைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்களில்தான் ஓடும். எனவே ராஸ்பெரி பை 5-ல் இருக்கும் நான்கு ஏ76 கோர்கள் எட்டு ஏ53 கோர்களை எளிதாக முந்திவிடும். பை 4-ல் இருப்பவை ஏ72. அவையும் ஏ53-ஐ விட நன்றாகவே ஓடும்.

ஆனால் வேகத்தை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். ஆர்ம் போர்டு வாங்க நினைக்கும் எல்லோரிடமும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: ஐந்து வருடம் கழித்து இந்தப் போர்டுக்குப் புதிய கர்னல், அதாவது வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதி, கிடைக்குமா?

ஏன் இதைக் கேட்கிறேன் என்று சொல்கிறேன். உங்கள் பழைய டெஸ்க்டாப்பில் எந்த லினக்ஸ் யூஎஸ்பியைச் செருகினாலும் பூட் ஆகும். பிசியிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான ஃபர்ம்வேரே தன்னிடம் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று இயங்குதளத்துக்குச் சொல்லிவிடுகிறது. மலிவான ஆர்ம் போர்டுகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. எந்தக் கம்பியில் ஈதர்நெட் என்ற நெட்வொர்க் இணைப்பு, எந்த முகவரியில் யூஎஸ்பி என்பதையெல்லாம் எழுதிவைத்த டிவைஸ் ட்ரீ என்ற கோப்பு ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக வேண்டும். சிப்புக்கான டிரைவர்கள் பொதுவான லினக்ஸ் கர்னலில் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லையென்றால், போர்டைச் செய்த நிறுவனம் தானே ஒட்டுப்போட்ட பழைய கர்னலைத்தான் நீங்கள் ஓட்ட வேண்டியிருக்கும். அந்த நிறுவனத்துக்கு அடுத்த மாடலில் கவனம் போய்விட்டால் உங்கள் போர்டு அன்றைக்கு இருந்த இடத்திலேயே நின்றுவிடும். பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. இணையத்தோடு இணைந்து இரவு பகலாக ஓடும் ஒரு கணினிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எனக்கே இது நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன், விலைக்கு மிக நல்ல வேகம் என்று ஒரு போர்டை வாங்கி வீட்டில் வைத்தேன். நிறுவனம் கொடுத்த இமேஜில் (அப்படியே எழுதிப் போடும் இயங்குதளக் கோப்பு) அருமையாக ஓடியது. இரண்டு வருடம் கழித்து டெபியன் என்ற லினக்ஸ் வகையின் அடுத்த பதிப்புக்கு மாற்றினேன். ஈதர்நெட் எழுந்திருக்கவே இல்லை. பழைய இமேஜையாவது திரும்பப் போடலாம் என்று தேடினால் அதன் டவுன்லோட் பக்கமே எடுக்கப்பட்டிருந்தது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டித்தான் எல்லாவற்றையும் எடுத்தேன். போர்டு பழுதாகவில்லை, இன்றைக்கும் விளக்கு எரிகிறது. ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ராஸ்பெரி பை விலை கூடுதல் என்று பலர் சொல்வது உண்மைதான். ஆனால் 2012 பிப்ரவரியில் வந்த முதல் பையில் இன்றைக்கும் அதன் சொந்த இயங்குதளமான ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் பதிப்பைப் போட முடியும். சின்ன போர்டுகள் உலகில் இதற்கு ஈடாக இன்னொன்றைக் காட்டுவது கடினம். அந்தக் கூடுதல் விலை எதற்குப் போகிறது என்று எனக்குப் புரிவதால் அதைக் கொடுக்கத் தயங்குவதில்லை. வேறு போர்டுதான் வேண்டுமென்றால், பல ஆர்ம் போர்டுகளுக்கு லினக்ஸ் தயாரிக்கும் ஆர்ம்பியன் திட்டத்தின் போர்டுப் பட்டியலைத் திறந்து, உங்கள் மாடலைப் பராமரிக்க ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸை வாங்கி லினக்ஸ் ஏற்றுவது நல்ல விளையாட்டு, கற்றுக்கொள்ள ஏற்றது. 700 ஜிபி குடும்பப் படங்களை அதை நம்பி வைக்க வேண்டாம்.

பழைய போர்டு கைமாற்றாகக் கிடைத்தால் 64 பிட்டா என்று உறுதி செய்யுங்கள். 32 பிட் ஆர்ம் போர்டுகளைப் பல மென்பொருள்கள் கைவிட்டுவிட்டன. வீட்டு சர்வர் வைத்திருப்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் லினக்ஸ்சர்வர் குழுவின் டாக்கர் இமேஜ்களிலும் (உடனே ஓட்டத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதிகள்) 2023-லேயே 32 பிட் ஆர்ம் நின்றுபோனது.

அப்புறம் நெட்வொர்க் வேகம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) ஈதர்நெட் இருக்கும் போர்டில் நடைமுறையில் நொடிக்கு 11 எம்பி (மெகாபைட்) போகும். உங்கள் 700 ஜிபியை ஒருமுறை நகர்த்தவே கிட்டத்தட்ட 18 மணி நேரம். உண்மையான கிகாபிட் என்றால் நொடிக்கு 110 எம்பி, இரண்டு மணி நேரத்துக்குள் முடியலாம். சின்னச் சின்ன கோப்புகள் நிறைய இருந்தால் இரண்டிலுமே கொஞ்சம் கூடும். "உண்மையான" என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2018-ல் வந்த பை 3பி பிளஸ்ஸில் கிகாபிட் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் உள்ளே ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையில் போவதால் 300 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. டிஸ்க்கும் அதே பாதையில்தான். பை 4-ல், அதாவது 2019-ல்தான் இது சரியானது. அதில் தனி கிகாபிட்டும் யூஎஸ்பி 3.0-ம் உண்டு. ஃபைல் சர்வருக்கு பை 4-க்குக் கீழே போக வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்களுக்கு என் பரிந்துரை: புதிதாக வாங்குவதானால் ராஸ்பெரி பை 5, 4 ஜிபி. நல்ல நிலையில் பை 4, 4 ஜிபி மலிவாகக் கைமாற்றாகக் கிடைத்தால் அதுவும் போதும். புகைப்படங்களில் முகங்களை அடையாளம் கண்டு பிரிக்கும் இம்மிச் போன்ற மென்பொருளை ஓட்ட ஆசையிருந்தால் பை 5-ல் 8 ஜிபி எடுங்கள். அதற்கு மேல் ராம் உங்களுக்குத் தேவைப்படாது. இரண்டுக்கும் நடுவே தயங்கினால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். பை 4-ன் சிப்பில், தரவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான தனிக் கட்டளைகள் இல்லை, பை 5-ல் இருக்கின்றன. டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்து வைக்க விரும்பினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

போர்டை முடிவு செய்த பிறகும் மீதமிருப்பது மின்சாரமும் சேமிப்பும். "என் போர்டு அடிக்கடி தொங்குகிறது" என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கிறது.

முதலில் மின்சாரம். பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் கொடுக்கும் 27 வாட் அடாப்டர் வேண்டும். வீட்டில் 65 வாட் லேப்டாப் சார்ஜர் இருக்கிறதே, அது போதாதா என்று தோன்றும். போதாது. வழக்கமான யூஎஸ்பி-சி சார்ஜர்கள் அதிக வாட்டை 9, 15, 20 வோல்ட்டில்தான் கொடுக்கும். 5 வோல்ட்டில் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். அதாவது 65 வாட் சார்ஜரிலிருந்தும் உங்கள் பைக்கு 15 வாட்தான் வரும். அப்போது பை 5 தன் யூஎஸ்பி இணைப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. எஸ்எஸ்டி வேகமாக எழுதத் தொடங்கும் நேரத்தில் அது போதாமல் டிஸ்க் திடீரென்று காணாமல் போகும். நீங்கள் டிஸ்க்கைக் குறை சொல்வீர்கள், மென்பொருளை மாற்றிப் பார்ப்பீர்கள், காரணம் சுவரில் மாட்டியிருக்கும். போர்டோடு சேர்த்து அதற்கென்றே விற்கும் அடாப்டரையும் வாங்கிவிடுங்கள். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் போதும். அதற்கும் அதற்கான அடாப்டரே நல்லது. பழைய போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் சேர்ந்தால் வோல்ட்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கி, பை எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கையை ஒருபோதும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

அடுத்து சேமிப்பு. எஸ்டி கார்டில் இயங்குதளத்தைப் போட்டுத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். சர்வர் அப்படியே அதில் நிரந்தரமாக இருந்துவிடுவதுதான் தவறு. ஃப்ளாஷ் நினைவகம் ஒரு சிறிய வரியை மாற்றி எழுதவும் உள்ளே ஒரு பெரிய தொகுதியையே அழித்து எழுத வேண்டியிருக்கும். லாக் கோப்புகள், டேட்டாபேஸ், விளம்பரத் தடுப்பானின் பதிவுகள் என்று நொடிக்கு நொடி சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருந்தால் சாதாரண கார்டு தேய்ந்துவிடும். போகிற அன்றைக்கு முன்னறிவிப்பும் கொடுக்காது. பை 4, பை 5 இரண்டுமே யூஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்து நேரடியாக பூட் ஆகும். எஸ்டி கார்டை எடுத்துவிட்டு 2 டிபி எஸ்எஸ்டி ஒன்றில் இயங்குதளத்தையும் படங்களையும் வையுங்கள். பை 5-ல் என்விஎம்இ என்ற அதிவேக எஸ்எஸ்டி மாட்டவும் வசதி உண்டு. ஆனால் கிகாபிட் நெட்வொர்க் நொடிக்கு 110 எம்பியில் நின்றுவிடுவதால் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியின் வேகமே நெட்வொர்க்குக்கு அதிகம். மலிவாகக் கிடைப்பதை எடுங்கள்.

எஸ்எஸ்டி விலை கட்டுப்படியாகாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கும் சரிதான். அதற்குத் தனி பவர் அடாப்டர் உள்ள பெட்டியாகப் பாருங்கள். பெரிய 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட் கேட்கும், போர்டால் கொடுக்க முடியாது. எதுவானாலும் டிஸ்க்கை லினக்ஸின் வழக்கமான கோப்பு அமைப்பான எக்ஸ்ட்4-ஆக ஃபார்மட் செய்யுங்கள். கடையிலிருந்து வரும் எக்ஸ்ஃபேட்டிலேயே விட்டுவிட்டால் கோப்புகளுக்கு யார் உரிமையாளர், யார் பார்க்கலாம் என்பதை லினக்ஸால் பதிந்துவைக்க முடியாது. சொந்த சர்வரில் கோப்புகளைப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட் போன்ற மென்பொருள்கள் அங்கே தகராறு செய்யும்.

வீடியோவைப் பற்றி ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் டிவி அந்தக் கோப்புகளை அப்படியே ஓட்டுகிறதா? ஓட்டினால் சர்வருக்கு அது வெறும் கோப்பு அனுப்பும் வேலை. பை 4-க்கே வலிக்காது. டிவிக்குப் புரியாத வடிவத்தில் இருந்தாலோ, படமாகப் பதிந்த சப்டைட்டிலை வீடியோவின் மேலேயே ஒட்ட வேண்டியிருந்தாலோ, சர்வர் போகிற போக்கில் வீடியோவை மாற்றி எழுத வேண்டும். பை 5-ல் அப்படி மாற்றி எழுதும் வீடியோ என்கோடர் வன்பொருளே கிடையாது, முழுப் பாரமும் கோர்களின் மேல் விழும். இது உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும் என்றால் ஆர்மை விட்டுவிட்டு இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி ஒன்றைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது பையை விடச் சில வாட் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான். வீடியோ மாற்றும் வன்பொருள் அதிலேயே உண்டு. டிவைஸ் ட்ரீ கவலையும் கிடையாது. ஆர்ம் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இந்த இடத்தில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்று சிறிய போர்டுகள் யோசனை வேண்டாம். மூன்று அடாப்டர், மூன்று கார்டு, அப்டேட் செய்ய மூன்று இயங்குதளம். படங்கள் எப்படியும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கப் போகின்றன. ஆனால் அந்த யோசனையில் ஒரு பகுதி நல்லது. விளம்பரம் தடுப்பது என்றால் வீட்டின் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி கண்டுபிடிக்கும் சேவை) முழுவதும் அந்தக் கணினி வழியே போகிறது என்று அர்த்தம். அதை நிறுத்தி அப்டேட் செய்யும் ஒவ்வொரு முறையும் வீட்டில் எல்லோருக்கும் "நெட் போச்சு". அந்த ஒரு வேலையை மட்டும் பை ஜீரோ 2 டபிள்யூ போன்ற சின்ன போர்டுக்குத் தனியாகக் கொடுத்துவிடலாம். 512 எம்பி ராம் அதற்குப் போதும், ஒன்றிரண்டு வாட்டில் ஓடும். முதலில் ஒன்றே வாங்கி ஆரம்பியுங்கள், தேவைப்பட்டால் பிறகு இதைச் சேருங்கள்.

டிஎன்எஸ் பற்றிப் பேசும்போது ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு இரவுத் தூக்கத்தைக் கெடுத்தது அது. பை 5-க்கு முந்தைய மாடல்களில் நேரம் காக்கும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்ததும் போர்டு பழைய நேரத்தில் எழும். பிறகு இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அதே போர்டு டிஎன்எஸ் சர்வராகவும் இருந்து, டிஎன்எஸ் பதில்களின் கையொப்பத்தைச் சோதிக்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பும் போட்டிருந்தால், தவறான நேரத்தால் கையொப்பங்கள் செல்லாதவை என்று தெரியும். எனவே நேர சர்வரின் முகவரி கிடைக்காது. முகவரி கிடைக்காததால் நேரமும் திருந்தாது. நேர சர்வர் ஒன்றின் ஐபி முகவரியை நேரடியாக எழுதி வைத்தால் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். பை 5-ல் கடிகாரம் போர்டிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கான சின்ன பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

உங்கள் மகளுக்காக சர்வரை நேராக இணையத்தில் எல்லோருக்கும் காட்ட வேண்டாம். வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரப் பூட்டிய பாதை (விபிஎன்) அமைக்கும் வயர்கார்டு போடுங்கள். அது 2020 முதல் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. ஏஇஎஸ் பயன்படுத்தாத குறியாக்கம் என்பதால் பை 4-லும் நல்ல வேகத்தில் ஓடும். உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருந்தால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. அப்போது டெயில்ஸ்கேல் போன்ற சேவை உதவும். அதுவும் உள்ளே வயர்கார்டுதான்.

எல்லாம் மாற்றி முடித்த பிறகு பழைய டெஸ்க்டாப்பை விற்றுவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அதை எழுப்பி, புதிய படங்களை அதற்குப் பிரதி எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். 70 வாட் என்றாலும் அப்படி ஓட்டினால் வருடத்துக்கு நான்கு யூனிட் கூட வராது. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். கூடவே ஒரு சிறிய டிஸ்க்கில் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து பிரதி எடுத்து, மகள் அடுத்த முறை வரும்போது கொடுத்தனுப்புங்கள். வீட்டில் இருக்கும் இரண்டு பிரதிகளுக்கும் ஒரே நாளில் ஏதாவது ஆனாலும், அவர் வீட்டு அலமாரியில் ஒன்று இருக்கும்.